நிற்கக் கற்ற சுருள்: தொடக்ககாலத் திரைப்பட இயந்திரங்களின் விட்டுவிட்டு நகர்த்தும் முறைகள்

இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஃபிலிம் புரொஜெக்டர் இருந்த காலத்தில் அந்தப் படத்தின் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுருள் லென்ஸுக்குப் பின்னால் 2,16,000 முறை நின்றது; அத்தனை முறையும் மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் அது கடந்த தூரம் 19 மில்லிமீட்டர்தான். நகரும்போது ஒளி மறைக்கப்பட்டது. நின்ற பிறகே ஒளி திரைக்குப் போனது. இந்த நிற்றலும் நகர்தலும் ஒருமுறை தவறினாலும் திரையில் படம் குதிக்கும், இழுபடும், அல்லது சுருளே கிழியும்.

சினிமாவின் தொடக்க வரலாற்றைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் “யார் முதலில்?” என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. எடிசனா, லூமியேர் சகோதரர்களா, பெர்லினின் ஸ்க்லடனோவ்ஸ்கியா, லண்டனின் ராபர்ட் பாலா என்று வழக்கு நீள்கிறது. இயந்திரத்தின் உள்ளே பார்த்தால் கேள்வி வேறாகிறது. 1888 முதல் 1912 வரையிலான கால் நூற்றாண்டில் பல நாட்டுக் கைவினைஞர்கள் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடைகள் தேடினார்கள். அவற்றுள் இரண்டு மட்டும் நிலைத்தன: கேமராவில் கொக்கி, புரொஜெக்டரில் மால்ட்டீஸ் கிராஸ் என்ற சிலுவை வடிவச் சக்கரம். ஒரே சிக்கலுக்கு ஏன் இரண்டு விடைகள்? கேமரா செய்யும் வேலையும் புரொஜெக்டர் செய்யும் வேலையும் வெவ்வேறானவை என்பதுதான் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சிக்கல் என்ன?

ஓடும் சுருளின் மீது தொடர்ந்து ஒளியைப் பாய்ச்சினால் திரையில் மேலிருந்து கீழாக இழுபட்ட கோடுகள்தான் தெரியும். கேமராவிலும் அப்படியே, ஒளி விழும்போது சுருள் நகர்ந்தால் பதிவு கலங்கிப்போகும். ஆகவே ஒவ்வொரு படச்சட்டமும் லென்ஸுக்கு நேரே அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அடுத்த சட்டம் அதே இடத்துக்கு வர வேண்டும். மௌனப் படக் காலத்தில் பரவலாக இருந்த நொடிக்கு 16 சட்டங்கள் என்ற வேகத்தில் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 62 மில்லிநொடி. நகர்வு, நிற்றல் இரண்டும் அதற்குள் முடிய வேண்டும்.

இதில் மூன்று தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதலாவது, சுருள் விரைவாக நகர வேண்டும். நகரும் நேரமெல்லாம் இருட்டு என்பதால், அது நீண்டால் ஒளி வீணாகும், சிமிட்டல் கூடும். இரண்டாவது, சுருள் மென்மையாக நகர வேண்டும். விரைவாக இழுத்தால் ஓரத்துளைகள் கிழியும். மூன்றாவது, ஒவ்வொரு சட்டமும் முந்தைய சட்டம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சட்டத்தின் உயரம் 18 மில்லிமீட்டர், திரையின் உயரம் 4 மீட்டர் என்றால், சுருளில் நேரும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குப் பிசகு திரையில் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குதிப்பாகத் தெரியும். விரைவு, மென்மை, துல்லியம் ஆகிய இந்த மூன்றையும் ஒருசேரக் கொடுத்த இயந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பெற இன்னொன்றை ஓரளவு விட்டுக்கொடுத்தது.

நிறுத்தாமலே காட்ட முயன்றவர்கள்

சிக்கலைத் தீர்க்க ஒரு வழி, அதைத் தவிர்ப்பது. பாரிஸில் எமில் ரெய்னோ 1892 அக்டோபர் 28 அன்று கிரேவன் அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘ஒளியியல் அரங்கம்’ கையால் வரைந்த படங்களைத் திரையில் காட்டியது. அவருடைய பட்டை நிற்கவில்லை. சுழலும் கண்ணாடி உருளை பட்டையின் நகர்வை ஈடுசெய்ய, பிம்பம் திரையில் நின்ற இடத்தில் நின்றது. பட்டைக்கு இதில் சேதம் குறைவு. ஆனால் அமைப்பு பெரியது. ஒளி வீணாவதும் அதிகம்.

எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ. கே. எல். டிக்சன் உருவாக்கிய கினெட்டோஸ்கோப் வேறு வழியில் போனது. 1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்தப் பெட்டிக்குள் சுமார் 15 மீட்டர் நீளச் சுருள் உருளைகளின் மீது முடிவற்ற வளையமாக ஓடியது. நிற்கவே இல்லை. சுருளுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவே மெல்லிய பிளவு கொண்ட தகடு சுழன்றது. ஒவ்வொரு சட்டமும் அந்தப் பிளவு வழியாக மிகக் குறுகிய கணமே தெரிந்ததால் கலங்கல் உணரப்படவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்க்கும் ஒருவருக்கு அந்த ஒளி போதும். அரங்கம் நிறைந்த கூட்டத்துக்குத் திரையில் காட்டப் போதாது. கினெட்டோஸ்கோப் தனியாள் பார்க்கும் கருவியாக நின்றுபோனதற்கு எடிசனின் வணிகக் கணக்கு ஒரு காரணம். இயந்திரத்தின் இந்த இயல்பு இன்னொரு காரணம்.

உட்வில் லேத்தமும் அவருடைய மகன்களும் 1895 மே மாதம் நியூயார்க்கில் கட்டணம் வாங்கிக் காட்டிய ஐடோலோஸ்கோப்பிலும் சுருள் தொடர்ந்தே ஓடியது. ஒளிக் குறைவை ஈடுகட்ட அவர்கள் சுருளின் அகலத்தைக் கூட்டினார்கள். படம் தெரிந்தது, ஆனால் மங்கலாகத் தெரிந்தது. திரைக்குப் போதுமான ஒளி வேண்டுமானால் சுருள் நின்றாக வேண்டும் என்பதை இந்த அனுபவங்கள் நிறுவின.

கவ்விப் பிடித்தல்

கேமராவில் நிறுத்தும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. உடலியல் அறிஞர் எத்தியன்-ஜூல் மாரே 1888-இல் காகிதச் சுருளிலும், அடுத்த ஆண்டுகளில் செல்லுலாய்ட் சுருளிலும் அசைவுகளைப் பதிவு செய்தார். அவருடைய சுருளில் ஓரத்துளைகள் இல்லை. ஒளி விழும் கணத்தில் ஒரு கவ்வி சுருளை அழுத்திப் பிடித்தது, பிறகு விட்டது. அதே 1888-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் லூயி லே பிரின்ஸ் தம் ஒற்றை லென்ஸ் கேமராவில் ‘ரவுண்ட்ஹே தோட்டக் காட்சி’யை எடுத்தபோதும் துளையற்ற காகிதச் சுருள்தான்.

துளை இல்லாத சுருளில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. சுருட்டும் உருளை சுருளை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், சுற்றச் சுற்ற அந்த உருளையின் தடிமன் கூடும். அதே அளவு திருப்பினாலும் ஒவ்வொரு முறையும் சற்று அதிகமான சுருள் இழுபடும். சட்டங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறிக்கொண்டே போகும். மாரேவுக்கு இது பெரிய தடை அல்ல. குதிரை எப்படிக் கால் வைக்கிறது என்று ஒவ்வொரு படமாக அளந்து பார்ப்பதே அவர் நோக்கம். அவற்றைத் திரையில் அசையவிடும்போதுதான் சட்டங்கள் ஒன்றின் மீது ஒன்று பொருந்தாமல் ஆடின.

டிக்சன் 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு சட்டத்துக்கு இரு ஓரங்களிலும் நான்கு துளைகள் இட்டது இந்தச் சிக்கலுக்கான விடை. இனி இயந்திரம் சுருளை உராய்வால் இழுக்க வேண்டியதில்லை. பல்லைத் துளையில் மாட்டி, எண்ணி இழுக்கலாம். அந்த அளவு இன்றுவரை மாறவில்லை என்பதே அதன் பொருத்தத்துக்குச் சான்று.

துளையின் பலன் தெரிந்த பிறகும் உராய்வை நாடியவர்கள் உண்டு. பின்னாளில் பயோகிராஃப் என்று அறியப்பட்ட அமெரிக்கன் மியூட்டோஸ்கோப் நிறுவனத்துக்காக ஹெர்மன் காஸ்லர் வடிவமைத்த கேமரா 68 மில்லிமீட்டர் அகலச் சுருளை உராய்வு உருளைகளால் நகர்த்தியது; படம் எடுக்கும் வேளையிலேயே சுருளில் துளையிட்டு, பிரதி எடுக்கும்போது அந்தத் துளைகளைக் கொண்டு சட்டங்களைப் பொருத்தினார்கள். உராய்வை நாடியதற்குப் பொறியியலைவிடக் காப்புரிமைச் சட்டமே பெரிய காரணம். பற்சக்கரத்தால் இழுக்கும் கேமரா எடிசனின் காப்புரிமைக்குள் வரும். 1907-இல் அமெரிக்க நீதிமன்றம் மற்ற கேமராக்கள் எடிசனின் உரிமையை மீறுகின்றன என்றபோதும் பயோகிராஃப் கேமரா மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. எந்த இயக்கமுறை எங்கே பயன்பட்டது என்பதை விளக்க இயந்திரவியல் மட்டும் போதாது. நீதிமன்ற ஆவணங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெர்லினின் மாக்ஸ் ஸ்க்லடனோவ்ஸ்கி 1895 நவம்பர் 1 அன்று வின்டர்கார்டன் அரங்கில் காட்டிய பயோஸ்கோப் தனிவழி. அதில் இரண்டு சுருள்கள், இரண்டு லென்ஸ்கள். புழுச்சக்கரம் ஒன்று சுருள்களை மாற்றி மாற்றி நகர்த்தியது. ஒன்று நகரும்போது மற்றது திரையில் தெரிந்ததால் ஒவ்வொரு சுருளும் நொடிக்கு 8 சட்டங்கள் நகர்ந்தாலே போதுமானது. நடுவில் இருட்டும் குறைந்தது. சுருளின் துளைகள் கிழியாமல் இருக்க அவற்றில் உலோக வளையங்கள் பதித்திருந்தார். சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்ட விடைதான் அது. ஆனால் இரட்டைச் சுருளைத் தயாரிப்பதும் கையாள்வதும் பெரும்பாடு என்பதால் அதைப் பின்பற்ற யாரும் வரவில்லை.

கொக்கி: லூமியேரின் வழி

லியோனின் லூயி லூமியேரும் அவர் அண்ணன் ஓகுஸ்தும் 1895 பிப்ரவரி 13 அன்று காப்புரிமை பெற்ற சினிமாட்டோகிராஃபில் பற்சக்கரமே கிடையாது. இரண்டு சிறு ஊசிகள் கொண்ட ஒரு சட்டகம் மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. இந்த யோசனை தூக்கம் வராத ஓர் இரவில் தோன்றியது என்றும், தையல் இயந்திரத்தின் அசைவை ஒத்தது என்றும் பின்னாளில் சொல்லப்பட்டது. முதல் மாதிரியைச் செய்தவர் அவர்களுடைய தொழிற்சாலையின் தலைமை மெக்கானிக் ஷார்ல் மொய்சோன். அதைத் திருத்தி எண்ணிக்கையில் உற்பத்தி செய்தவர் பாரிஸ் பொறியாளர் ஜூல் கார்பான்தியே.

அதன் ஒரு சுற்றை நெருங்கிப் பார்க்கலாம். ஊசிகள் மேல்நிலையில் இருக்கின்றன. முன்னே நீண்டு, சட்டத்தின் இரு ஓரங்களிலும் உள்ள ஒற்றை வட்டத் துளைகளுக்குள் நுழைகின்றன. சட்டகம் கீழே இறங்க, சுருளும் ஒரு சட்ட உயரம் இறங்குகிறது. கீழ்நிலையில் சட்டகம் சற்றே தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் ஊசிகள் பின்வாங்கித் துளைகளை விட்டு வெளியேறுகின்றன. பிறகு வெறுங்கையோடு மேலே ஏறுகின்றன. சுருள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேலேயும் ஒரு தாமதம், மறுபடி நுழைவு.

இந்தத் தாமதங்கள்தான் உயிர்நாடி. முதல் வடிவத்தில் சட்டகத்தை ஆட்டியது மையம் விலகிய வட்டத் தகடு. வட்டத் தகடு எங்கும் தாமதிக்காது. எனவே ஊசிகள் நுழையவும் வெளியேறவும் போதிய அவகாசம் இல்லை. 1895 மார்ச் மாதம் காப்புரிமையில் சேர்க்கப்பட்ட திருத்தத்தில் அந்த இடத்துக்கு வளைந்த பக்கங்கள் கொண்ட முக்கோணத் தகடு வந்தது. அது செவ்வகச் சட்டகத்துக்குள் சுழலும்போது, சுற்றின் ஒரு பகுதியில் சட்டகம் மேலும் கீழும் போகிறது, இன்னொரு பகுதியில் அசையாமல் நிற்கிறது. இதனால் சுருள் மூன்றில் இரண்டு பங்கு நேரம் நின்று, ஒரு பங்கு நேரம் மட்டும் நகர்ந்தது. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 சட்டங்கள். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள இதே பெட்டி படம் எடுத்தது, பிரதி எடுத்தது, விளக்கைப் பின்னால் வைத்தால் திரையிலும் காட்டியது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் நடந்த காட்சியும், 1896 ஜூலை 7 அன்று பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் மாரியஸ் செஸ்தியே நடத்திய காட்சியும் இந்தக் கொக்கியின் வேலைதான். ஆனால் 17 மீட்டர் சுருளுக்கு, ஒரு நிமிடத்துக்கும் குறைந்த படத்துக்கு, அமைந்த வடிவம் இது. ஒவ்வொரு இழுப்பின் முழுச் சுமையும் இரண்டே துளைகளின் விளிம்பில் விழுகிறது. நீண்ட சுருளை நாளுக்குப் பல காட்சிகளாக மாதக்கணக்கில் ஓட்டத் தொடங்கியபோது அந்த விளிம்புகள் தாங்கவில்லை.

தட்டி இறக்குதல்

மாரேயின் உதவியாளராக இருந்த ஜார்ஜ் தெமெனி 1893-இல் காப்புரிமை பெற்ற முறைக்கு ஊசியும் வேண்டாம், சிலுவைச் சக்கரமும் வேண்டாம். படவாயிலான கேட்டுக்குக் கீழே, சுழலும் தகட்டின் ஓரத்தில் ஓர் உருளை பொருத்தப்பட்டிருக்கும். தகடு ஒருமுறை சுழலும்போது அந்த உருளை சுருளை ஒருமுறை தட்டி, ஒரு சட்ட நீளத்தைக் கேட்டிலிருந்து கீழே இழுத்துவிடும். இழுபட்ட அந்தத் தளர்ச்சியை அதன் கீழே தொடர்ந்து சுழலும் பற்சக்கரம் அமைதியாக வாங்கிக்கொள்ளும்.

தட்டும் உருளை துளைகளைத் தொடுவதே இல்லை. இழுப்புச் சுமை சுருளின் அகலம் முழுவதும் பரவுகிறது. செய்வதற்கும் எளிது. அமெரிக்காவின் தாமஸ் ஆர்மட் இதை ஒத்த தட்டுமுறையைத்தான் வைட்டாஸ்கோப்பில் அமைத்தார். அதற்கு முன் அவரும் ஃபிரான்சிஸ் ஜென்கின்ஸும் சேர்ந்து 1895-இல் அட்லாண்டா பொருட்காட்சியில் காட்டிய ஃபான்டோஸ்கோப்பில் வேறு அமைப்பு இருந்தது. தேய்மானம் தாங்காமல் அதைக் கைவிட நேர்ந்தது. 1896 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கின் கோஸ்டர் அண்ட் பையல் இசையரங்கில் ‘எடிசனின் வைட்டாஸ்கோப்’ என்ற பெயரில் அரங்கேறியது ஆர்மட்டின் இயந்திரம். உள்ளே வேலை செய்தது தெமெனி பிரான்ஸில் கண்ட தத்துவம். வெளியே ஒட்டியிருந்த பெயர் எடிசனுடையது. ஒரே இரவில், ஒரே பெட்டியில் மூவரின் பங்கு.

தட்டுமுறையின் குறை துல்லியத்தில் இருந்தது. சுருள் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கேட்டில் உள்ள அழுத்தப் பட்டைகளின் உராய்வு. சுருள் புதிதா பழையதா, ஈரமா வறட்சியா என்பதைப் பொறுத்து அது மாறும். ஓசையும் அதிகம். 1900-களின் முதல் பத்தாண்டில் இந்த முறை பின்னுக்குப் போனது.

மால்ட்டீஸ் கிராஸ்

ஜெனீவாவின் கடிகாரக் கைவினைஞர்கள் வில்சுருளை அளவுக்கு மேல் முறுக்காமல் தடுக்க ஒரு சிறு சக்கரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சக்கரம் முளை ஒன்றால் படிப்படியாக நகர்த்தப்படும். வெட்டப்படாத ஒரு பகுதி வந்ததும் நின்றுவிடும். அந்தத் தடையை எடுத்துவிட்டு, முடிவின்றிப் படிப்படியாகச் சுழல விட்டால் அதுவே சுருளை நகர்த்தும் கருவி. 1896-இல் இந்த எண்ணம் ஒரே நேரத்தில் பல இடங்களில் முளைத்தது. லண்டனில் ராபர்ட் பால், பிப்ரவரி 20 அன்று ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் காட்டிய தியேட்ரோகிராஃபில் ஏழு முனை நட்சத்திரச் சக்கரங்களைப் பயன்படுத்தினார். பாரிஸில் பியேர்-விக்தோர் கோன்தின்சூசா ஏப்ரலில் காப்புரிமை பெற்றார். பாத்தே நிறுவனத்தின் புரொஜெக்டர்கள் அவர் பட்டறையிலிருந்து வந்தன. பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டர் அதே ஆண்டு தம் புரொஜெக்டர்களை விற்கத் தொடங்கினார்.

அவற்றுள் நிலைத்தது நான்கு பிளவுள்ள சிலுவை, அதாவது மால்ட்டீஸ் கிராஸ்; முளை பொருத்திய தகடு ஒன்று சுழன்று அதை ஒவ்வொரு பிளவாகத் திருப்பும். ஏன் நான்கு? பிளவுகளின் எண்ணிக்கை கூடினால் நகர்வு மென்மையாகும், ஆனால் நீளும். ஆறு பிளவு இருந்தால் முளைத் தகடு சுற்றும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்வுக்கே போய்விடும். மூன்று பிளவு என்றால் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் நடுவழியில் சிலுவையின் வேகம் முளைத் தகட்டின் வேகத்தைப்போல் ஆறரை மடங்கு ஆகும். சுருளும் சக்கரமும் அதைத் தாங்காது. நான்கு பிளவில் நகர்வு நான்கில் ஒரு பங்கு, உச்ச வேகம் ஏறத்தாழ 2.4 மடங்கு. விரைவும் மென்மையும் சமரசம் செய்துகொண்ட இடம் அது.

பேசும்படத்தின் வேகமான நொடிக்கு 24 சட்டங்களில் ஒரு சுற்றைப் பார்ப்போம். முளைத் தகடு ஒருமுறை சுழல 41.7 மில்லிநொடி. அதில் 31 மில்லிநொடிக்குத் தகட்டின் உயர்ந்த விளிம்பு சிலுவையின் குழிந்த பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பூட்டி வைக்கிறது. சிலுவை ஒரு மயிரிழையும் அசைய முடியாது. பிறகு முளை பிளவுக்குள் நுழைகிறது. நுழையும் திசை பிளவின் திசையோடு ஒத்திருப்பதால் அடி விழுவதில்லை; சிலுவை சுழியத்திலிருந்து மெல்லத் தொடங்கி, நடுவில் உச்சம் தொட்டு, மறுபடி சுழியத்துக்கு இறங்கி நிற்கிறது. இது நடப்பது 10.4 மில்லிநொடியில். சிலுவையோடு ஒரே அச்சில் உள்ள 16 பல் சக்கரம் கால் சுற்று, அதாவது நான்கு பல், திரும்புகிறது. நான்கு பல் என்பது டிக்சன் இட்ட நான்கு துளை, ஒரு சட்டம். அந்த 19 மில்லிமீட்டருக்குள் சுருள் நின்ற நிலையிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறி, மீண்டும் நின்றுவிடுகிறது. இழுப்பின் சுமை ஒரே இணைத் துளையில் விழாமல், பற்சக்கரத்தைத் தழுவியிருக்கும் பல துளைகளுக்குப் பகிரப்படுகிறது.

இருட்டைக் கையாளும் பொறுப்பு ஷட்டருக்கு. சுருள் நகரும்போது ஒளியை மறைப்பதோடு, நிற்கும்போதும் ஒளியை இடையே வெட்டிவிட்டால் சிமிட்டல் குறையும் என்பது 1900-களின் தொடக்கத்தில் தெளிவானது. 16 சட்ட வேகத்தில் மூன்று இதழ், 24 சட்ட வேகத்தில் இரண்டு இதழ்; இரண்டிலும் நொடிக்கு 48 ஒளித்துடிப்புகள். சுருளை மேலும் வேகமாக ஓட்டாமலே கண்ணுக்கு அமைதி கிடைத்தது.

லூப்: சிறு தளர்ச்சியின் பெரும் வழக்கு

எந்த முறையானாலும் ஒரு நிபந்தனை உண்டு. 300 மீட்டர் சுருளின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். அத்தனையையும் நொடிக்கு 16 முறை இழுத்து நிறுத்த முடியாது. எனவே கேட்டுக்கு மேலும் கீழும் சுருளைச் சற்றுத் தளர்வாக வளைத்து விடுகிறார்கள். மேலே ஒரு பற்சக்கரம் சீராகச் சுருளைத் தந்துகொண்டே இருக்கும். கீழே இன்னொன்று சீராக வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ள சில சென்டிமீட்டர் மட்டும் குதித்துக் குதித்து நகரும். கனத்த சுருளுக்கும் துடிக்கும் கேட்டுக்கும் உள்ள பகையை அந்த வளைவு தீர்த்து வைக்கிறது.

லேத்தம் குடும்பத்தின் பெயரால் வழங்கும் இந்த லூப்பை உருவாக்கியதில் அவர்களிடம் பணிபுரிந்த யூஜீன் லோஸ்துக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொன்ன டிக்சனுக்கும் பங்கு உண்டு. நீண்ட குத்துச்சண்டைப் போட்டிகளை எடுக்க நீண்ட சுருள் தேவைப்பட்டதால் எழுந்த தீர்வு அது. 1896-இல் விண்ணப்பித்து 1902-இல் கிடைத்த அதன் காப்புரிமை பின்னாளில் பயோகிராஃப் கைக்கு வந்தது. 1908 டிசம்பரில் எடிசனும் பயோகிராஃபும் சேர்ந்து அமைத்த காப்புரிமைக் கூட்டமைப்பின் முக்கிய ஆயுதங்களில் ஒன்றானது. புரொஜெக்டர் வைத்திருந்த ஒவ்வொரு அமெரிக்கக் கொட்டகையும் இந்தத் தளர்ச்சிக்காகவும் உரிமத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. 1912-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. 1915-இல் கூட்டமைப்பே சட்டவிரோதம் என்று தீர்ப்பானது.

லூப்பின் அருமை நம் ஊர் ஆபரேட்டர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய பிரதியில் ஒரு துளை கிழிந்து பல் வழுக்கினால் லூப் சுருங்கிவிடும். கேட்டில் சுருள் நிற்க மறுக்கும், படம் மேலும் கீழும் துடிக்கும், கொட்டகையில் விசில் கிளம்பும். கண்ணாடி வழியே திரையையும் கையருகே லூப்பையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்ததே ஆபரேட்டர் வேலையின் பாதி. பேசும்படம் வந்தபின் லூப்பின் பொறுப்பு இன்னும் கூடியது. கேட்டில் சுருள் குதித்தாக வேண்டும்; ஒலி படிக்கும் இடத்தில் துளியும் குதிக்காமல் ஒழுக வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுருளில் ஏறத்தாழ 20 சட்ட இடைவெளி வைத்து, லூப் இரண்டையும் பிரித்தது. அந்த வளைவின் அளவு பிசகினால் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும்.

கேமராவுக்கு ஒன்று, புரொஜெக்டருக்கு ஒன்று

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். மால்ட்டீஸ் கிராஸ் இவ்வளவு சிறந்தது என்றால் கேமராவிலும் அதுவே ஏன் நிலைக்கவில்லை?

சிலுவைக்கு நான்கு பிளவுகள். அதன் அச்சில் உள்ள சக்கரத்துக்கு 16 பற்கள். அவை ஒவ்வொன்றும் வெட்டும்போது நுண்ணிய அளவில் மாறுபடும். ஆகவே முதல் சட்டம் ஒரு பிளவின் பிழையோடும், இரண்டாம் சட்டம் இன்னொரு பிளவின் பிழையோடும் நிற்கும். பிழை சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால் அது திரையில் நடுக்கமாகத் தெரிகிறது. கொக்கியின் கதை வேறு. ஒவ்வொரு சட்டத்தையும் இழுப்பது அதே ஊசி, அதே தூரம். அதில் பிழை இருந்தாலும் எல்லாச் சட்டத்திலும் ஒரே பிழை. மாறாத பிழை கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் ஒரு நெகட்டிவ் பெரும்பாலும் ஒரே முறைதான் ஓடுகிறது. துளை தேய்வதைப் பற்றிக் கவலை இல்லை, துல்லியமே எல்லாம். புரொஜெக்டரில் ஒரு பிரதி நூற்றுக்கணக்கான முறை ஓடுகிறது. அங்கே மயிரிழை நடுக்கத்தைப் பொறுக்கலாம். கிழிந்த துளையைப் பொறுக்க முடியாது.

இந்தப் பிரிவினை 1912 வாக்கில் வந்த பெல் அண்ட் ஹவல் 2709 கேமராவில் முழுமை பெற்றது. அதில் கொக்கி சுருளை நகர்த்தி முடித்ததும், சுருள் அசையாத நிலை-ஊசிகளின் மீது படிகிறது. ஒளி விழும் நேரம் முழுவதும் அந்த ஊசிகளே சுருளைப் பிடித்து வைக்கின்றன. ஒரே சுருளைத் திருப்பி ஓட்டி இரண்டாம் முறை, மூன்றாம் முறை பதிவு செய்தாலும் சட்டங்கள் பிசகாமல் பொருந்தும். ‘மாயா பஜார்’ படத்தில் மார்கஸ் பார்ட்லி செய்தவை போன்ற தந்திரக் காட்சிகளை உலகெங்கும் கேமராவுக்குள்ளேயே செய்ய முடிந்தது இத்தகைய பொருத்தத்தின் மேல் நின்றுதான்.

சுருளின் துளை வடிவமே இதற்குச் சாட்சி. 1920-களுக்குப் பிறகு நெகட்டிவ் சுருளுக்குப் பக்கங்கள் வளைந்த பெல் அண்ட் ஹவல் துளை. ஊசி இறுக்கமாகப் பொருந்துவதற்காக. திரையிடும் பிரதிக்கு முனை மழுங்கிய செவ்வகமான கோடக் துளை. மூலையிலிருந்து கிழிசல் தொடங்காமல் இருப்பதற்காக. ஒரே 35 மில்லிமீட்டர் சுருள் கேமராவுக்கு ஒரு துளையும் புரொஜெக்டருக்கு இன்னொரு துளையும் ஏற்றுக்கொண்டது. லூமியேர் ஒரே பெட்டியில் சேர்த்த மூன்று வேலைகள் பிரிந்தபோதுதான் ஒவ்வொன்றும் தன் நிறைவை எட்டியது.

இதே அளவுகோலைப் பிற்காலத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். 70 மில்லிமீட்டர் சுருளைக் கிடையாக ஓட்டி, ஒரு சட்டத்துக்கு 15 துளை நகர்த்தும் ஐமேக்ஸ் புரொஜெக்டருக்குக் கொக்கியும் சிலுவையும் சுமை தாங்காதவை. ஆஸ்திரேலியாவின் ரான் ஜோன்ஸ் கண்ட உருளும் லூப் முறையில் சுருள் இழுக்கப்படுவதில்லை. அலையாக உருண்டு வந்து நிலை-ஊசிகளின் மீது படிகிறது. 1970-இல் ஒசாகா பொருட்காட்சியில் ஐமேக்ஸ் அறிமுகமானபோது, 1890-களின் அதே மூன்று தேவைகளுக்குப் புதிய சமரசம் ஒன்று கிடைத்தது.

முடிவாக

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சினிமாவை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது பொருந்தாது. திரையரங்கில் நிலைத்த இயந்திரத்தில் டிக்சனின் துளைகள், லேத்தம் பட்டறையின் லூப், ஜெனீவா கடிகாரக்காரர்களின் சக்கரம், பாலும் கோன்தின்சூசாவும் மெஸ்டரும் அதைச் சுருளுக்குப் பொருத்திய வேலை ஆகிய எல்லாம் சேர்ந்திருந்தன. ஒருவர் விட்ட குறையை இன்னொருவர் நிரப்பினார். தோற்றுப்போன வழிகளும் வீணல்ல. கினெட்டோஸ்கோப்பின் மங்கல் ஒளிதான் சுருள் நின்றாக வேண்டும் என்பதைக் காட்டியது.

1905-இல் திருச்சியில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், இந்த இயந்திரங்கள் முதிர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவற்றைத் தமிழ்நாட்டுச் சாலைகளில் கொண்டுபோனவர். அவருக்குப் பின் வந்த ஆபரேட்டர்கள், டூரிங் டாக்கீஸ் மெக்கானிக்குகள், பல் தேய்ந்த சக்கரத்தை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து மாட்டியவர்கள் எல்லாரும் இந்த வரலாற்றில் அடங்குவார்கள். டிஜிட்டல் வந்ததும் அந்தப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் பழைய இரும்பு விலைக்குப் போயின. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ உட்பட நம் மௌனப் படங்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டன. எஞ்சியுள்ள பழைய சுருள்கள் சுருங்கியிருக்கின்றன. துளைக்குத் துளை உள்ள தூரம் குறைந்துவிட்டதால் சாதாரணப் பற்சக்கரத்தில் ஏற்றினால் கிழியும். அவற்றை மீட்பவருக்குத் துளை, பல், லூப், கேட் பற்றிய இந்த அறிவு அன்றாடத் தேவை. அந்த அறிவு நம்மிடையே இன்னும் உயிரோடு இருப்பது ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களின் கைகளில். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வதும், ஓடும் நிலையில் உள்ள சில புரொஜெக்டர்களையாவது எண்ணெயிட்டு ஓடவே வைத்திருப்பதும் தமிழ் சினிமா ஆய்வு இப்போதே கையிலெடுக்க வேண்டிய வேலை.